பழைய லேப்டாப்பில் புதிய எஸ்எஸ்டி: எது பொருந்தும், எது பொருந்தாது?

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. பழைய லேப்டாப் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இதனால் ஒரு கேள்வி எழுந்துள்ளது. "இதை இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா, இல்ல தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கணுமா?"

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது பிள்ளைகளின் படிப்பு வீட்டுக்கு வந்தது. அந்த அவசரத்தில் பலர் கையில் கிடைத்த லேப்டாப்பை வாங்கினார்கள். அலமாரியில் கிடந்ததை எடுத்துத் துடைத்துப் பயன்படுத்தியவர்களும் உண்டு. அவற்றில் பல இன்றும் ஓடுகின்றன. ஆனால் பொத்தானை அழுத்திவிட்டு, தேநீர் கலக்கிக் குடித்து முடித்த பிறகுதான் திரை தயாராகிறது.

இந்த மந்தத்துக்குப் பெரும்பாலும் காரணம் உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க். அதை மட்டும் மாற்றினால் போதும் என்பதும் பல நேரங்களில் உண்மைதான். ஆனால் தவறான பாகத்தை வாங்கினால் காசு வீணாகும். அவசரப்பட்டு மாற்றினால், பல ஆண்டுகளாகச் சேர்த்த படங்களும் ஆவணங்களும் போய்விடும்.

ஒரு விஷயத்தை முதலில் புரிந்துகொள்ளுங்கள். ஒரு பாகம் லேப்டாப்பில் உட்காருவது வேறு, அது வேலை செய்வது வேறு. கடைக்குப் போகும் முன் இணைப்பு, அளவு, பயாஸ் ஆகிய மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

எஸ்எஸ்டி போட்டால் உண்மையிலேயே வேகம் கூடுமா?

ஹார்ட் டிஸ்க்கில் ஒரு தட்டு சுழல்கிறது. லேப்டாப்பில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை. அதன் மேல் ஒரு சிறு முனை அங்கும் இங்கும் நகர்ந்து தகவலைத் தேடுகிறது. ஒவ்வொரு தேடலுக்கும் பத்து மில்லி விநாடிக்கு மேல் ஆகும். விண்டோஸ் திறக்கும்போது இப்படி ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேட வேண்டியிருக்கிறது.

எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே கிடையாது. எல்லாம் சிப்தான். ஒரு தேடலுக்கு மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. அதனால்தான் அதே லேப்டாப், அதே பிராசசர், அதே ரேம் இருந்தும் வேறு இயந்திரம் போலத் தெரிகிறது.

"என் லேப்டாப் ரொம்பப் பழசு, புது எஸ்எஸ்டியோட முழு வேகமும் வராதே?" என்று சிலர் தயங்குகிறார்கள். அது பாதி உண்மை. சாட்டா என்ற இணைப்பு முறையில் மூன்று தலைமுறைகள் உண்டு. அவற்றின் உச்ச வேகம் விநாடிக்குச் சுமார் 150, 300, 600 மெகாபைட். புதிய சாட்டா எஸ்எஸ்டியைப் பழைய தலைமுறை லேப்டாப்பில் போட்டாலும், பொதுவாக அது லேப்டாப்பின் வேகத்துக்குத் தன்னைக் குறைத்துக்கொண்டு வேலை செய்யும். பெரிய கோப்பை நகல் எடுக்கும்போது வித்தியாசம் தெரியலாம். ஆனால் தேடும் நேரம் குறைவதால் அன்றாட வேலையில் பலன் நிச்சயம் கிடைக்கும்.

முதல் கேள்வி: உங்கள் லேப்டாப்பில் என்ன இணைப்பு?

ஏறக்குறைய 2005, 2006 வரை வந்த லேப்டாப்புகளில் ஐடிஇ என்ற பழைய இணைப்பு இருந்தது. டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்தால் இரண்டு வரிசையாக மெல்லிய ஊசிகள் தெரியும். மொத்தம் 44 இணைப்புகள். இதில் சாட்டா டிஸ்க் நேரடியாகச் சேராது.

அதற்குப் பிறகு வந்தவற்றில் சாட்டா. இதில் ஊசிகள் இல்லை. எல் வடிவத்தில் இரண்டு தட்டையான பட்டைகள் இருக்கும். சிறியது தகவலுக்கு, நீளமானது மின்சாரத்துக்கு. பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ இன்று ஒரு வீட்டில் கிடக்கும் பழைய லேப்டாப் பெரும்பாலும் இந்த வகையாகத்தான் இருக்கும். 2010 வாக்கில் அரசாங்கம் 1மலேசியா நெட்புக் வழங்கிய காலத்து நெட்புக்குகளிலும் பொதுவாக 2.5 அங்குல சாட்டா டிஸ்க்தான்.

ஐடிஇ லேப்டாப் என்றால் அதில் பணம் போடுவது பெரும்பாலும் வீண். உள்ளே இருக்கும் தகவலை வெளியே எடுக்க மட்டும் ஐடிஇ-யூஎஸ்பி மாற்றி ஒன்று வாங்கினால் போதும்.

எந்த வகை என்று தெரியவில்லையா? லேப்டாப்பின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் முழு மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிராண்ட் பெயரும் திரை அளவும் மட்டும் போதாது. ஒரே தொடரில் வெளிவந்த இரண்டு லேப்டாப்புகளின் உள்ளமைப்பு வேறு வேறாக இருக்கலாம். அந்த எண்ணோடு 'சர்வீஸ் மேனுவல்' என்று சேர்த்துத் தேடினால், பல நிறுவனங்களின் பழுதுபார்ப்புக் கையேடு இலவசமாகவே கிடைக்கும்.

இரண்டாவது கேள்வி: இடம் போதுமா?

லேப்டாப் டிஸ்க்குகளை 2.5 அங்குலம் என்கிறோம். நீளமும் அகலமும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். தடிமன்தான் மாறும். பழைய லேப்டாப்புகளில் பொதுவாக 9.5 மில்லிமீட்டர், பிறகு வந்த மெலிதானவற்றில் 7 மில்லிமீட்டர், இன்னும் மெலிதான சிலவற்றில் 5 மில்லிமீட்டர்.

இன்று விற்கும் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டிகள் பெரும்பாலும் 7 மில்லிமீட்டர். 9.5 இடத்தில் 7 தாராளமாகப் போகும். மிச்ச இடத்தில் ஆடாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைப்பார்கள். ஆனால் 7 இடத்தில் 9.5 போகவே போகாது. அழுத்தி மூடினால் மதர்போர்டுதான் அடிபடும்.

"ஐந்து டெராபைட் இருக்கு, அதையே போட்டுடலாம்" என்று நினைப்பவர்களும் கவனிக்க வேண்டும். 3 டெராபைட்டும் அதற்கு மேலும் உள்ள 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க்குகள் 15 மில்லிமீட்டர் தடிமன் கொண்டவை. அவை சாதாரண லேப்டாப்புக்குள் நுழையாது. வெளியே வைக்கும் யூஎஸ்பி டிஸ்க்கைப் பிரித்து உள்ளே இருப்பதை எடுத்துப் பொருத்தலாம் என்ற யோசனையும் எப்போதும் கைகொடுக்காது. சில மாடல்களில் யூஎஸ்பி இணைப்பு டிஸ்க்கின் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். சாட்டா முனையே இருக்காது.

பழைய டிஸ்க்கைக் கழற்றும்போது அதைச் சுற்றியுள்ள உலோகச் சட்டம், திருகுகள், முனையில் செருகியிருக்கும் சிறு இணைப்பான் ஆகியவற்றைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். சில மாடல்களில் அந்த இணைப்பான் இல்லாமல் புது எஸ்எஸ்டி சேராது. தொலைத்துவிட்டால் தனியாகத் தேடி வாங்குவது சிரமம்.

எம்.2 என்றால் எல்லாம் ஒன்றா?

இல்லை. அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான்.

எம்.2 என்பது ஒரு வடிவத்தின் பெயர். சூயிங்கம் பட்டை போல நீளமான சிறு பலகை. 2280 என்று எழுதியிருந்தால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். 2242, 2230 என்ற குட்டை வகைகளும் உண்டு. லேப்டாப்பில் 42 மில்லிமீட்டர் இடம்தான் இருக்கிறது என்றால் 80 மில்லிமீட்டர் பலகையை வாங்கிப் பயனில்லை.

வடிவம் பொருந்தினாலும் போதாது. அந்த வடிவத்துக்குள் இரண்டு மொழிகள் இருக்கின்றன. ஒன்று சாட்டா, மற்றது அதைவிடப் பல மடங்கு வேகமான என்விஎம்இ. 2013 முதல் 2016 வரை வந்த பல லேப்டாப்புகளின் எம்.2 துளை சாட்டா மொழியை மட்டுமே பேசும். அதில் என்விஎம்இ எஸ்எஸ்டியைச் செருகினால் லேப்டாப் அதைக் கண்டுகொள்ளாது. என்விஎம்இ மட்டும் பேசும் புதிய லேப்டாப்பில் எம்.2 சாட்டா பலகையைப் போட்டாலும் கதை அதேதான்.

பலகையின் முனையில் உள்ள வெட்டு ஓரளவுக்கு உதவும். இரண்டு வெட்டு இருந்தால் அது பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ. ஆனால் விதிவிலக்குகள் உண்டு. பெட்டியில் எழுதியிருப்பதைப் படிப்பதே பாதுகாப்பு.

எம்.2 வருவதற்கு முன் எம்சாட்டா என்ற சிறிய வகையும் இருந்தது. பார்க்கக் கிட்டத்தட்ட ஒன்று போலத் தெரிந்தாலும் எம்சாட்டாவும் எம்.2-வும் ஒன்றின் துளையில் மற்றது சேராது. விலை மலிவான சில சிறு லேப்டாப்புகளில் சேமிப்புச் சிப்பையே மதர்போர்டில் பற்றவைத்திருப்பார்கள். அவற்றில் வேறு துளையும் இல்லையென்றால் உள்ளே மாற்ற எதுவும் இல்லை.

மூன்றாவது கேள்வி: பயாஸ் ஒப்புக்கொள்ளுமா?

லேப்டாப்பை முடுக்கியதும் விண்டோஸுக்கு முன்பே விழித்துக்கொள்ளும் சிறு மென்பொருள்தான் பயாஸ். டிஸ்க் இருக்கிறதா, எவ்வளவு பெரியது, அதிலிருந்து தொடங்கலாமா என்று முதலில் பார்ப்பது அதுதான்.

2002-க்கு முந்தைய தொழில்நுட்பத்தில் டிஸ்க்கின் முகவரியை 28 பிட்டில் எழுதினார்கள். அதனால் 137 ஜிகாபைட்டுக்கு மேல் உள்ள பகுதி தெரியாது. பிறகு வந்த 48 பிட் முறையில் அந்தச் சிக்கல் தீர்ந்தது. சாட்டா லேப்டாப் என்றால் இதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

அடுத்த எல்லை 2 டெராபைட். பழைய பயாஸும் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையும் உள்ள லேப்டாப்பில் சுமார் 2.2 டெராபைட்டுக்கு மேல் பயன்படுத்த முடியாது. 500 ஜிகாபைட்டோ 1 டெராபைட்டோ வாங்குபவர்களுக்கு இதுவும் தடையில்லை.

இன்றும் தொல்லை கொடுப்பது வேறு இரண்டு. ஒன்று, பழைய பயாஸ் என்விஎம்இ எஸ்எஸ்டியிலிருந்து தொடங்கத் தெரியாமல் நிற்பது. மற்றது, பயாஸுக்குள் ஐடிஇ, ஏஹெச்சிஐ, ரெய்டு என்று இருக்கும் அமைப்பு. விண்டோஸ் ஒரு முறையில் பதிவாகியிருக்கும்போது இதை மாற்றினால் நீலத் திரை வந்து நின்றுவிடும். "சும்மா மாத்திப் பார்ப்போம்" என்று கை வைக்க வேண்டாம். முன்பு என்ன இருந்தது என்பதைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

டிவிடி டிரைவ் இருந்த இடத்தில் டிஸ்க் போடலாமா?

போடலாம். பழைய லேப்டாப்பில் கிடைக்கும் பெரிய வசதியே இதுதான். டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு, 'கேடி' என்று அழைக்கப்படும் சட்டத்தை அந்த இடத்தில் செருகி, அதற்குள் இரண்டாவது டிஸ்க்கை வைக்கிறார்கள்.

கேடி ஏன் தேவை? ஹார்ட் டிஸ்க்கின் சாட்டா முனையில் தகவலுக்கு 7, மின்சாரத்துக்கு 15 என மொத்தம் 22 தொடுமுனைகள். லேப்டாப் டிவிடி டிரைவில் தகவலுக்கு அதே 7, ஆனால் மின்சாரத்துக்கு 6 மட்டுமே. மொத்தம் 13. இரண்டும் சாட்டாதான் என்றாலும் நேரடியாகச் சேராது. கேடிக்குள் இருக்கும் சிறு பலகை இரண்டையும் இணைக்கிறது.

வாங்கும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலில் தடிமன். லேப்டாப் டிவிடி டிரைவுகள் பெரும்பாலும் 12.7 அல்லது 9.5 மில்லிமீட்டர். பழையதைக் கழற்றி அளந்த பிறகே கேடி வாங்க வேண்டும்.

இரண்டாவது இணைப்பு. 2006 முதல் 2008 வரை வந்த சில லேப்டாப்புகளில் ஹார்ட் டிஸ்க் சாட்டா, டிவிடி டிரைவ் மட்டும் ஐடிஇ. ஹார்ட் டிஸ்க்கைப் பார்த்துவிட்டு, "எல்லாம் சாட்டாதான்" என்று முடிவு செய்தால் தவறு. கேடியிலும் இரண்டு வகை உண்டு.

மூன்றாவது முகப்பு. டிவிடி டிரைவின் முன்னால் தெரியும் பிளாஸ்டிக் மூடி ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொரு வளைவில் இருக்கும். அதைக் கழற்றிப் புதிய கேடியில் மாட்டினால்தான் லேப்டாப்பின் ஓரம் பழையபடி இருக்கும். பின்னால் இருக்கும் சிறு உலோகத் தாங்கியையும் மறக்காமல் மாற்ற வேண்டும். இல்லையென்றால் கேடி கழன்று வரும்.

எதை எங்கே வைப்பது? எஸ்எஸ்டியை ஹார்ட் டிஸ்க் இருந்த முதன்மை இடத்தில் வையுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கேடியில் வையுங்கள். காரணம், சில லேப்டாப்புகள் டிவிடி இடத்திலிருந்து விண்டோஸைத் தொடங்காது. சிலவற்றில் அந்த இடத்தின் வேகமும் குறைவு.

டிவிடி டிரைவை மட்டும் மாற்ற நினைப்பவர்களுக்கும் தடிமன், இணைப்பு, முகப்பு என்ற இதே மூன்றுதான் கணக்கு. தட்டு வெளியே வரும் வகையும், தட்டை நேராக உள்ளே இழுக்கும் வகையும் ஒன்றுக்கொன்று மாற்றாகாது.

டிவிடி டிரைவை எடுத்துவிடுவதற்கு முன்

பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் தமிழ்ப் பட வட்டுகளை வாங்கிய தலைமுறை இன்னும் இருக்கிறது. அதைவிட முக்கியம், அலமாரியில் கிடக்கும் குடும்ப வட்டுகள். கல்யாணம், காதணி விழா, அறுபதாம் கல்யாணம், மறைந்த தாத்தாவின் குரல். படம் பிடித்தவர் அன்று டிவிடியில் எழுதிக் கொடுத்ததே பல குடும்பங்களில் ஒரே பிரதியாக இருக்கிறது.

வீட்டில் எழுதப்பட்ட டிவிடிகள் சாயப் படலத்தில் பதிவானவை. வெப்பமும் ஈரமும் சேர்ந்த நம் நாட்டுச் சூழலில் அவை சீக்கிரம் கெட்டுப்போகலாம். எனவே டிரைவைக் கழற்றும் முன் எல்லா வட்டுகளையும் நகலெடுத்துவிடுங்கள். ஒரு சாதாரண டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிகாபைட். அந்தக் கணக்கில் 128 ஜிகாபைட் பென்டிரைவ் ஒன்றில் இருபதுக்கு மேல் அடங்கும். பென்டிரைவில் ஒரு பிரதி, வேறு இடத்தில் இன்னொரு பிரதி என்று வைப்பதே பாதுகாப்பு.

"டிவிடி போட்டேன், படமே வரலை" என்றால் டிரைவ் கெட்டுவிட்டது என்று அவசரப்பட வேண்டாம். விண்டோஸ் 10-இல் டிவிடி படம் காட்டும் வசதி இயல்பாக வருவதில்லை. விஎல்சி போன்ற இலவச மென்பொருள் போதும். மண்டலக் குறியீடும் காரணமாக இருக்கலாம். டிவிடி படங்களுக்கு மலேசியா 3-ஆம் மண்டலம், இந்தியா 5-ஆம் மண்டலம். எல்லா மண்டலங்களுக்கும் பொதுவாக வந்த வட்டுகளும் உண்டு. லேப்டாப் டிரைவில் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்ற முடியும். கடைசியாக வைத்ததே நிரந்தரமாகிவிடும். வீட்டில் எழுதிய கல்யாண டிவிடிக்கும் விசிடிக்கும் இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

டிரைவை எடுத்த பிறகும் வட்டு பார்க்க வேண்டுமென்றால் யூஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்று வாங்கலாம். பழைய யூஎஸ்பி 2.0 துளையிலிருந்து 2.5 வாட் மின்சாரம்தான் கிடைக்கும் என்பதால் சில டிரைவுகளுக்கு இரண்டு துளைகள் தேவைப்படும்.

தகவலை எப்படி மாற்றுவது?

முதல் வேலை பிரதி எடுப்பது. அடுத்ததுதான் திருகாணி.

பழைய டிஸ்க்கை அப்படியே புதியதில் நகலெடுக்க 'குளோனிங்' மென்பொருள்கள் உள்ளன. எஸ்எஸ்டி நிறுவனங்கள் பல, தங்கள் வாடிக்கையாளர்களுக்கு இலவசமாகத் தருகின்றன. புதிய எஸ்எஸ்டியை யூஎஸ்பி-சாட்டா கம்பி மூலம் வெளியே இணைத்து நகலெடுத்த பிறகு உள்ளே மாற்றலாம். ஹார்ட் டிஸ்க்கில் ஏற்கெனவே கட்கட் சத்தம் வருகிறதா? குளோனிங் வேண்டாம். முக்கியமான கோப்புகளை மட்டும் முதலில் காப்பாற்றுங்கள். விண்டோஸைப் பிறகு புதிதாகப் போட்டுக்கொள்ளலாம்.

உங்களுக்கே தெரியாமல் பிட்லாக்கர் பூட்டு போடப்பட்டிருக்கவும் வாய்ப்புண்டு. டிஸ்க்கையோ பயாஸையோ தொட்டதும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கலாம். வேலையைத் தொடங்கும் முன்பே தேடி எழுதி வையுங்கள். பழுதுபார்ப்பவராலும் இதை ஊகித்துச் சொல்ல முடியாது.

எஸ்எஸ்டி போட்டால் விண்டோஸ் 11 ஓடுமா?

எஸ்எஸ்டி போட்டதால் மட்டும் ஓடாது. விண்டோஸ் 11-க்கு 4 ஜிகாபைட் ரேம், 64 ஜிகாபைட் சேமிப்பு, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, யூஎஃப்இஐ, ஏற்கப்பட்ட பிராசசர் எல்லாம் வேண்டும். இன்டெல் என்றால் சில விதிவிலக்குகள் தவிர எட்டாம் தலைமுறையிலிருந்துதான். டிஸ்க்கை மாற்றுவதால் பிராசசர் மாறாது.

விண்டோஸ் 10 பயன்படுத்தும் தனிநபர்கள் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புக்குப் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை அவகாசம் கிடைக்கும் என மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதற்குப் பிறகும் அதே லேப்டாப்பைப் பயன்படுத்த விரும்பினால் உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளங்கள் உள்ளன. பாடம் படிக்க, கட்டுரை எழுத, காணொளி பார்க்க அவை போதும். ஆனால் பிள்ளையின் பள்ளியோ உங்கள் அலுவலகமோ கேட்கும் மென்பொருள் அதில் ஓடுமா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஓடாது என்றால் எஸ்எஸ்டிக்குச் செலவிடும் காசைப் புதிய லேப்டாப்புக்குச் சேர்ப்பதே நல்லது.

பெட்டாலிங் ஜெயாவில் முடிந்த ஒரு காலம்

ஹார்ட் டிஸ்க் கிள்ளான் பள்ளத்தாக்குக்கு அந்நியமான பொருள் அல்ல. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் பெட்டாலிங் ஜெயாவிலேயே அதைத் தயாரித்து வந்தது. ஹார்ட் டிஸ்க்குக்கான தேவை குறைந்து வருவதைக் காரணம் காட்டி, அந்த ஆலையை 2019 இறுதிக்குள் மூடப்போவதாக 2018 ஜூலையில் நிறுவனம் அறிவித்தது. அதே அறிவிப்பில் பினாங்கில் எஸ்எஸ்டி தயாரிப்பை விரிவாக்குவதாகவும் சொன்னது. வட்டுகளின் பக்கமும் அதே நிலைதான். பதிவு செய்யக்கூடிய புளூரே வட்டுகளின் தயாரிப்பை சோனி நிறுவனம் 2025 பிப்ரவரியில் நிறுத்தியது.

இதனால் வாங்குபவருக்கு என்ன? பழைய லேப்டாப்புக்கான ஹார்ட் டிஸ்க், டிவிடி டிரைவ் என்று விற்கப்படுவதில் பயன்படுத்திய பொருளும் பழைய இருப்பும் கலந்திருக்கும். "புதுசுதான் பாஸ்" என்று சொன்னாலும் சோதித்துப் பாருங்கள். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள், அந்த டிஸ்க் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதைக் காட்டும். புதியது என்று விற்ற டிஸ்க் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடியிருந்தால் விஷயம் புரிந்துவிடும். இணையத்தில் நம்ப முடியாத மலிவு விலைக்கு வரும் பெரிய கொள்ளளவு எஸ்எஸ்டிகளில் போலிகளும் உண்டு. அட்டையில் ஒரு எண் இருக்கும், உள்ளே அதில் சிறு பகுதிதான் இருக்கும்.

வாங்கும்போது உங்கள் உரிமை என்ன?

கிள்ளானிலிருந்து கேடிஎம் கொம்யூட்டரில் கேஎல் சென்ட்ரல் வந்து, பிரிக்பீல்ட்ஸ் பக்கத்திலிருந்து மோனோரயில் ஏறி இம்பி நிலையத்தில் இறங்கினால், நடக்கும் தூரத்தில் லோ யாட் பிளாசா. கணினிக் கடைகளுக்குப் பேர்போன இடம். அங்கேயோ உங்கள் வட்டாரக் கடையிலோ வாங்கும்போது ஒன்றைச் செய்யுங்கள். லேப்டாப்பின் முழு மாடல் எண்ணை எழுத்தில் கொடுங்கள். "இந்த மாடலுக்குப் பொருந்தும்" என்று ரசீதிலோ வாட்ஸ்அப்பிலோ கடைக்காரரிடம் எழுதி வாங்குங்கள்.

இதற்குச் சட்டத்தில் மதிப்பு உண்டு. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, எந்த நோக்கத்துக்காகப் பொருளை வாங்குகிறீர்கள் என்று தெரிவித்திருந்தால், அது அந்த நோக்கத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். கடைக்காரர் ஒத்துவராவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைப் பதிவு செய்யலாம். கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் தேவையில்லை. வெறும் வாய்ப்பேச்சைவிட எழுத்தில் இருக்கும் மாடல் எண் அங்கே கைகொடுக்கும்.

கழற்றிய பழைய டிஸ்க்கை என்ன செய்வது?

உடனே தூக்கி எறியாதீர்கள். புதிய எஸ்எஸ்டி ஓரிரு மாதம் சிக்கலின்றி ஓடும் வரை அதுதான் உங்கள் இலவசப் பிரதி. பிறகு யூஎஸ்பி உறையில் போட்டு வெளிச் சேமிப்பாகப் பயன்படுத்தலாம்.

கொடுத்துவிட முடிவு செய்தால், கோப்புகளை அழிப்பது மட்டும் போதாது. முழு டிஸ்க்கின் மேலும் எழுதி அழிக்கும் மென்பொருளைப் பயன்படுத்த வேண்டும். அடையாள அட்டைப் படம், வங்கி அறிக்கை, பிள்ளைகளின் படங்கள் எல்லாம் அதில் இருந்திருக்கும். மின்னணுக் கழிவு 2005-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தர ஒழுங்குமுறை விதிகளின்படி எஸ்டபிள்யூ110 என்ற பிரிவில் அட்டவணைக் கழிவாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. எனவே வீட்டுக் குப்பையில் போடாமல், மின்னணுக் கழிவு சேகரிக்கும் மையத்தில் கொடுக்க வேண்டும்.

கடைக்குக் கிளம்பும் முன் ஒரு துண்டுச் சீட்டு

கீழே உள்ளவற்றை எழுதிக் கையில் வைத்துக்கொண்டால் கடைக்காரரிடம் பேசுவது எளிது.

1. லேப்டாப்பின் முழு மாடல் எண்.
2. டிஸ்க் இணைப்பு: ஐடிஇ, சாட்டா, எம்சாட்டா, எம்.2 இவற்றில் எது?
3. 2.5 அங்குலம் என்றால் தடிமன்: 9.5, 7 அல்லது 5 மில்லிமீட்டர்.
4. எம்.2 என்றால் நீளம் எவ்வளவு, மொழி சாட்டாவா என்விஎம்இயா?
5. டிவிடி இடத்தை மாற்றுவதானால் அதன் தடிமன், இணைப்பு வகை.
6. பிட்லாக்கர் மீட்பு எண் கையில் இருக்கிறதா?
7. படங்கள், ஆவணங்கள், குடும்ப வட்டுகள் எல்லாவற்றுக்கும் தனிப் பிரதி எடுத்தாகிவிட்டதா?

ஏழாவதற்கு "ஆமா" என்று சொல்ல முடியாதவரை திருகாணியைத் தொட வேண்டாம். எஸ்எஸ்டி தவறாகப் போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம். கல்யாண டிவிடிக்கு இரண்டாவது பிரதி எந்தக் கடையிலும் கிடைக்காது.